பழைய சிமெண்டுத் தரைமேல் லேமினேட்: இரண்டு அறைக்கு 13 பெட்டி போதுமா, வெறும் ஃபோம் போதுமா?

செம்பனையோரம் கேட்டது:

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டில் ஒரு மாடி தெரஸ் வீடு (வரிசை வீடு). பால்மரத் (ரப்பர்) தோட்டத்தை அழித்துக் கட்டிய பழைய தாமான் (குடியிருப்பு), பின்பக்கம் இன்னும் செம்பனைதான். ஹால் மொசைக் (டைல்) அப்படியே இருக்கட்டும். இரண்டு படுக்கையறையிலும் சிமெண்டுத் தரைமேல் தீக்கார் கெத்தா (ரப்பர் விரிப்பு) விரித்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு நாங்களே லேமினேட் போடலாம் என்று எண்ணம்.

பெரிய அறை 12 அடிக்கு 11 அடி, சின்னது 10க்கு 10. பார்த்து வைத்திருக்கும் பலகை 8 மில்லிமீட்டர் தடிப்பு, ஏ.சி.3 தரம் (தேய்மானம் தாங்கும் அளவு), நீளம் 1215, அகலம் 195 மில்லி, பெட்டிக்கு 8 பலகை. கடையில் 13 பெட்டி என்று கணக்குப் போட்டார்கள். அடியில் 2 மில்லி வெள்ளை ஃபோம் மட்டும் போதும் என்கிறார்கள். சரியா?

இன்னொன்று. சின்ன அறையில் குளியலறைச் சுவரை ஒட்டித் தீக்காரைத் தூக்கினால் வெள்ளையாக மாவு மாதிரி இருக்கிறது. துடைத்துவிட்டு மேலே போடலாமா? தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வீட்டைத் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுவார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

மட்டக்கோல் பதில்:

தம்பி, அந்த மாவைப் பத்தி முதல்ல பேசுவோம். பெட்டிக் கணக்கு ஓடிப் போகாது.

அது உப்பு. மண்ணுல இருக்கிற ஈரம் கொங்கிரீட் வழியா மேல ஏறும்போது சிமெண்டுல உள்ள உப்பைக் கரைச்சிக்கிட்டு வரும். தண்ணி காத்துல போயிடும், உப்பு மேல தங்கிடும். பழைய வீடு நிறையத்துல தரை ஊத்தும்போது அடியில பிளாஸ்டிக் தாள் போட்டிருக்க மாட்டாங்க, அதனால மண் ஈரத்துக்குத் தடையே இல்லை. துடைச்சிட்டுப் போட்டா உப்புதான் போகும், ஈரம் அங்கேயேதான் நிக்கும். லேமினேட்டோட நடுப்பகுதி அழுத்தின மரநார். அடியிலேர்ந்து ஈரம் குடிச்சா ஓரம் வீங்கும், ஜாயிண்ட் மேடாகும். காஞ்சாலும் பழைய அளவுக்கு இறங்காது.

சோதனை சுலபம். ஹார்ட்வேர் கடையில தடியான பிளாஸ்டிக் தாள் வாங்கி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டுங்க. தரையைக் கூட்டித் துடைச்சி, நாலு ஓரமும் டேப் ஒட்டி காத்து புகாம அடைச்சிடுங்க. பெரிய அறையில நடுவுல ஒண்ணு, சின்ன அறையில நடுவுல ஒண்ணு, அந்த மாவு இருக்கிற இடத்துல ஒண்ணு. மூணு நாள் விடுங்க. தாளோட அடிப்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னாலோ, தரை அங்க மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழேர்ந்து வருது. தாளுக்கு மேல் பக்கம் மட்டும் ஈரம்னா அது காத்தோட ஈரம், மழைக்காலத்துல சகஜம். தீக்காரை எடுத்த அன்னைக்கே சோதனை வைக்காதீங்க. அதுக்கு அடியில அடைஞ்சு கிடந்த ஈரம் போக, சன்னலைத் திறந்து வச்சி ஒரு வாரம் ஆறட்டும்.

மாவு குளியலறைச் சுவர் பக்கம் மட்டும் இருக்குன்னா, மண்ணைவிட பைப் மேலதான் எனக்குச் சந்தேகம். எல்லா பைப்பையும் மூடுங்க, ஃபிளஷ் தொட்டி நிரம்புற வரைக்கும் பொறுங்க, அப்புறம் அரை மணி நேரம் தண்ணி மீட்டரைப் பாருங்க. முள் நகர்ந்தா தண்ணி வர்ற பைப் ஒழுகுது. மீட்டர் நகரலைன்னா உடனே நிம்மதி ஆயிடாதீங்க, போற தண்ணியோட பைப் மீட்டர்ல தெரியாது. குளியலறைத் தரைத் துவாரத்தைப் பிளாஸ்டிக்ல சுத்தின துணி வச்சி, தண்ணி இறங்காம இறுக்கி அடைச்சி, ஒரு அங்குலம் தண்ணி கட்டி, சுவத்துல பென்சில் கோடு போட்டு நாலு மணி நேரம் விடுங்க. கோட்டுக்குக் கீழ இறங்கினா தரையோ துவாரத்து ஓரமோ கசியுது. வெளிப்பக்கத்தையும் ஒரு நடை பாத்துடுங்க. லொங்காங் (சாக்கடை) அடைச்சி நிக்குதா, பூச்செடிக்குக் குவிச்ச மண் வீட்டுத் தரையைவிட உயரமா இருக்கா? ரெண்டும் சுவத்துக்கு ஈரம் ஏத்தும்.

ஃபோம் பத்தி: வெள்ளை ஃபோம் சத்தத்துக்கும் சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்கும் மெத்தை. ஈரத்துக்குத் தடுப்பு இல்லை. தரைமட்ட வீட்டுல, சோதனை நல்லா வந்தாலும், 0.2 மில்லி பாலிதீன் தாள் முதல்ல. தாளுக்குத் தாள் 20 சென்டி ஏறணும், சேர்ற இடம் முழுக்க டேப். சுவர்ல நாலு விரல் ஏத்தி விட்டு, ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) அடிச்ச பிறகு மிச்சத்தை வெட்டுங்க. அதுக்கு மேலதான் ஃபோம். ஃபோமை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தக்கூடாது, ஓரத்தோட ஓரம் முட்டினாப் போதும். மெத்துனு இருக்கட்டும்னு ரெண்டு அடுக்கு போடுறாங்க சிலர். காலு வச்சதும் ஜாயிண்ட் அமுங்கி அமுங்கி, கொஞ்ச நாள்ல, பலகையைப் பலகையோட மாட்டுற கிளிக் நாக்கு உடையும்.

மட்டம்: ரெண்டு மீட்டர் அலுமினிய மட்டக்கோலைத் தரையில வச்சி எல்லாத் திசையிலும் திருப்புங்க. கோலுக்கு அடியில 3 மில்லிக்கு மேல வெளிச்சம் தெரியக்கூடாது. மேட்டை அரைக்கணும். பள்ளத்துக்கு, தானே பரவி மட்டமாகுற செல்ஃப் லெவலிங் சிமெண்டு, ஆனா முதல்ல பிரைமர் அடிக்கணும், இல்லைன்னா தகடு தகடா பேத்துக்கும். 25 கிலோ மூட்டை 3 மில்லி கனத்துக்கு சுமார் 5 சதுர மீட்டர் வரும். தீக்கார் ஒட்டின பசை இருந்தா மொத்தமும் சுரண்டி எடுத்த பிறகுதான் இதெல்லாம்.

---

அளவுநாடா பதில்:

மட்டக்கோல் அண்ணன் அடித்தளத்தைச் சொல்லிவிட்டார். நான் கணக்குக்கு வருகிறேன்.

ஒரு பெட்டியில் 8 பலகை என்றால் சுமார் 20.4 சதுர அடி. இரண்டு அறையும் சேர்த்து 232 சதுர அடி, 10 விழுக்காடு சேதாரம் சேர்த்தால் 255. கடைக்காரர் சொன்ன 13 சரிதான். ஆனால் சதுர அடிக் கணக்கு முக்கியமான ஒன்றை மறைத்துவிடும்: கடைசி வரிசை எவ்வளவு அகலத்தில் வந்து நிற்கும் என்பது.

பெரிய அறையில் பலகையை 12 அடி நீளவாக்கில் போடுங்கள். 11 அடி என்பது 3353 மில்லி. இரு பக்கமும் 10 மில்லி இடைவெளி விட்டால் மிச்சம் 3333. முழுப் பலகையாகப் போட்டுக்கொண்டே போனால் 17 வரிசைக்குப் பிறகு 18 மில்லி மீதி நிற்கும். 18 மில்லிப் பட்டையை வெட்டவும் முடியாது, மாட்டவும் முடியாது, மாட்டினாலும் நிற்காது. 50 மில்லிக்குக் குறைவாக எந்த வரிசையும் வரக்கூடாது. எனவே முதல் வரிசையையே நீளவாக்கில் 106 மில்லிக்கு அறுத்துவிடுங்கள். நடுவில் 16 முழு வரிசை, கடைசி வரிசை ஏறத்தாழ 107. இரு சுவரோரமும் ஒரே அகலமாகத் தெரியும், பார்வைக்கும் அழகு.

நீளத்தில் 3658, இடைவெளி போக 3638. முதல் வரிசை: முழுசு, முழுசு, 1208. இரண்டாவது வரிசையை 800 மில்லித் துண்டில் தொடங்குங்கள்: 800, முழுசு, முழுசு, கடைசியில் 408. அந்த 408 எங்கிருந்து வரும்? 800 வெட்டிய பலகையின் மறுபாதியிலிருந்தே. அதில் இடது முனைக் கிளிக் அப்படியே இருப்பதால் வரிசை முடிவுக்குச் சரியாகப் பொருந்தும். மூன்றாவது வரிசை 400இல் தொடங்கி 808இல் முடியும், அதுவும் ஒரே பலகையிலிருந்துதான். நான்காவது மறுபடி முதல் வரிசை மாதிரி. இப்படிப் போனால் அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு ஜாயிண்ட் எங்கேயும் 400 மில்லியைவிட நெருங்கி வராது. குறைந்தபட்சம் 300 இருந்தாலே போதும். வரிசைக்கு 3 பலகை, 18 வரிசைக்கு 54.

சின்ன அறையில் 10 அடி என்பது 3048, இடைவெளி போக 3028. 15 முழு வரிசை, கடைசி 103 மில்லி. முதல் வரிசையை அறுக்கத் தேவையில்லை. வரிசை: முழுசு, முழுசு, 598. மிச்சமாகும் 617இல் அடுத்த வரிசையைத் தொடங்கலாம்: 617, முழுசு, 1196. இரண்டு வரிசைக்கு 5 பலகை, மொத்தம் 40. ஆக 94 பலகை, 12 பெட்டிக்குள் 2 மிச்சம். தவறாக வெட்டுவதற்கும், பின்னாளில் ஒன்று கீறிப்போனால் மாற்றுவதற்கும் 13ஆவது பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே தயாரிப்பு எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு ரம்பத்தைத் தூக்க வேண்டாம். அறையை மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். தாமான் வீட்டுச் சுவர் நேராக இருந்தால் அது அதிசயம்.

போடும் வேலையில் தப்பு நடக்கும் இடங்கள் இவை. பெட்டியைப் பிரிக்காமல், படுக்கவைத்து, அதே அறையில் 48 மணி நேரம் வையுங்கள். நிற்க வைத்தால் வளையும். போடும்போது மூன்று பெட்டியைத் திறந்து கலந்து எடுங்கள், நிறம் திட்டுத்திட்டாக வராது. சுவர், தூண், கதவு நிலை, பைப் எதுவாக இருந்தாலும் 10 மில்லி இடைவெளி. ஈரப்பதம் கூடும்போது மொத்தத் தரையும் ஒரே பலகை மாதிரி விரியும், போக இடமில்லை என்றால் நடுவில் கூடாரம் அடிக்கும். கதவு நிலையைச் சுற்றிப் பலகையை வளைத்து வெட்டாதீர்கள். ஒரு துண்டுப் பலகையை ஃபோம்மேல் வைத்து, அதன்மேல் கைரம்பத்தைப் படுக்கவைத்து நிலையின் அடியை அறுத்துவிட்டு, பலகையை உள்ளே நுழையுங்கள். நீளப்பக்கத்தைச் சாய்த்து நுழைத்து அமுக்கினால் கிளிக் விழும். சுத்தியலால் நேரே அடிக்கவே கூடாது, தட்டுக்கட்டை வைத்துத்தான். சுவரோரக் கடைசி வரிசையை இழுத்து மாட்ட இழுப்புக் கம்பி வேண்டும், அது இல்லாமல் முடியாது.

ஜிக்சா ரம்பத்தில் வெட்டினால் பலகையின் முகம் கீழே, கைரம்பம் என்றால் முகம் மேலே. மாற்றிச் செய்தால் ஓரம் சிதறும். மேல் பூச்சில் அலுமினியம் ஆக்சைடு இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும், இரண்டு மூன்று கூடுதலாக வாங்குங்கள். அறை வாசலில், இரு தரையும் சேரும் இடத்தை மூடும் டி-பட்டையைத் தரையில் திருகுங்கள், பலகையில் அல்ல. ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் அடியுங்கள். தரை 10 மில்லி உயரும், கதவு இடிக்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

சுவரோடு கட்டும் அலமாரி இருந்தால் அலமாரி முதலில், அதன் அடிவரை தரை. பலகைமேல் அலமாரியைத் திருகினால் தரை நகர முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

---

பூச்சிமருந்து பதில்:

எல்லாரும் தண்ணியைப் பேசுறீங்க, அந்தத் தாமானில் அதுக்குச் சமமான எதிரி கரையான். மரம் வெட்டித் தோட்டத்தைச் சமன் பண்ணும்போது வேரும் கட்டையும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். உயிரோடு நிற்கும் பால்மரத்தையே தின்னும் கரையான் கோப்டோடெர்மெஸ் கர்விக்னாதஸ். நம் வீடுகளில் அதிகம் புகுவது அதன் பங்காளி கோப்டோடெர்மெஸ் ஜெஸ்ட்ரோய். மலேசியாவில் மரநார்ப் பலகைத் தொழில் வளர்ந்ததே பால்மரக் கட்டையை நம்பித்தான், ஆகையால் நீங்கள் விரிக்கப்போவது அதுகளுக்குப் பழகின சாப்பாடு.

பாலிதீன் தாள் கரையானைத் தடுக்காது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் முடி போன்ற வெடிப்பு இருந்தாலே போதும். லேமினேட்டின் மேல் பூச்சு மட்டும் நிற்கும், உள்ளே காலியாகிவிடும், வெளியே தெரியும்போது பாதி அறை போயிருக்கும்.

தீக்காரை எடுத்ததும் பாருங்கள்: கதவு நிலையின் அடியை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறதா, அலமாரியின் பின்பக்கம், சுவர் மூலை, கூரைக் கட்டையில் பென்சில் தடிப்புக்கு மண் குழாய் ஏறியிருக்கிறதா. இருந்தால் ஒரு விரல் நீளம் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், மறுபடி கட்டியிருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடிக்காதீர்கள். பத்து செத்து மிச்சம் வேறு வழி தேடும்.

வரிசை முக்கியம். சுவரோரமாகத் துளை போட்டு ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோப்ரிட் செலுத்துவதாக இருந்தால், அது தாள் விரிக்கும் முன்பே முடிய வேண்டும். தரை போட்ட பிறகு துளை போட்டால் பலகையும் போச்சு, ஈரத்தடுப்பும் போச்சு. பைப் ஓடும் பாதையைத் தரையில் சாக்கட்டியால் குறித்துக் கொடுங்கள். துளைகளைச் சிமெண்டால் அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தாள். 1974 ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் உள்ளவர்தானா என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். துளை வேண்டாம் என்றால் இரை வைக்கும் முறை உண்டு, மெதுவாக வேலை செய்யும், ஆனால் கூட்டத்தையே முடிக்கும்.

ஒரு சின்ன உபாயம்: ஒவ்வொரு அறையிலும் ஒரு மூலையில் மட்டும் ஸ்கர்ட்டிங்கை ஆணிக்குப் பதில் திருகாணியில் மாட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

---

சமையக்கட்டு பதில்:

அம்மா வாளித் தண்ணி ஊத்துறவங்கன்னு கேள்வியிலேயே இருக்கு, யாரும் அதைத் தொடலையே. எஸ்.பி.சி. போடுங்க. கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது, தண்ணிக்கு உப்பாது, கரையானும் தின்னாது. விஷயம் முடிஞ்சுது.

---

மட்டக்கோல் பதில்:

அக்கா, பாதி சரி. எஸ்.பி.சி. உப்பாது, ஒத்துக்கிறேன். ஆனா 4, 5 மில்லிதான் கனம், கிளிக் நாக்கு மெலிசு. தரை மட்டம் சரியில்லைன்னா லேமினேட்டைவிடச் சீக்கிரம் உடையும். வெயில் நேரா விழற சன்னலோரம் சூட்டுல விரியும். அடி ஈரம் அதைக் கெடுக்காது, ஆனா அடைஞ்சு நாறும், ஓரத்துல பூசணம் வரும். வாளித் தண்ணி ஊத்தினா ஜாயிண்ட் வழியா இறங்கி அடியில நிக்கும், கரையானுக்கு வேண்டிய ஈரமே அதுதான். பலகையைத் தின்னலைன்னாலும் அது மறைவுல போய் கதவு நிலையைத் தின்னும்.

ஆக ரெண்டுல எது போட்டாலும் படுக்கையறைக்குள்ள வாளி வரக்கூடாது. நல்லாப் பிழிஞ்ச மாப்பு மட்டும். கொட்டினதை உடனே துடைக்கணும். பெட்டியில 24 மணி நேரம் தண்ணி தாங்கும்னு போட்டிருந்தா அது மேல் முகத்துக்கு, வெட்டின ஓரத்துக்கு இல்லை. ஹால்ல மொசைக்தானே, அம்மா அங்க ஆசை தீரக் கழுவட்டும். அறை வாசல்ல ஹால் தண்ணி உள்ள வராம இருக்க, டி-பட்டைக்கு அடியில சிலிக்கோன் ஒரு கோடு விடுங்க, ஹால் மொசைக் பக்கம் மட்டும். லேமினேட் பக்கம் ஒட்டக்கூடாது, அது நகரணும்.

சாமி மேடை ரெண்டு அறையில எதுலயாவது இருந்தா சொல்லுங்க. எண்ணெய் துடைச்சாப் போயிடும், கற்பூரம் தெறிச்சா மேல் பூச்சு கருகும், அதை மறைக்க வழியே இல்லை.

---

செம்பனையோரம்:

எல்லாருக்கும் நன்றி. சாமி மேடை ஹாலில்தான். ஒரு வாரம் ஆறவிட்டு, பிளாஸ்டிக் மூன்று நாள் வைத்துப் பார்த்தாயிற்று. பெரிய அறையில் காய்ந்த தரை. சின்ன அறை நடுவிலும் ஒன்றும் இல்லை. மாவு இருந்த இடத்தில் மட்டும் கைகுட்டை அளவுக்குக் கறுத்துவிட்டது, தாள் அடியில் தண்ணீர் முத்து. மீட்டர் அசையவில்லை, ஆனால் குளியலறையில் கட்டிய தண்ணீர் நாலு மணி நேரத்தில் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கிவிட்டது. மண் குழாய் எங்கும் கண்ணில் படவில்லை.

---

மட்டக்கோல் பதில்:

அப்போ மண் ஈரம் இல்லை, குளியலறைத் தரைதான். துவாரத்து ஓரத்தை உடைச்சி, நீர்த்தடுப்புப் பூச்சு ரெண்டு கோட், சுவர்ல ஒரு அடி உயரம் வரைக்கும் ஏத்தி அடிச்சி, மறுபடி மொசைக் ஒட்டணும். மேல சும்மா வெள்ளைச் சிமெண்டு தேய்க்கிறவரைக் கூப்பிடாதீங்க. பூச்சு காஞ்சதும், மொசைக் ஒட்டுறதுக்கு முன்னாடியே தண்ணி கட்டிப் பாத்துடுங்க, இந்தத் தடவை ஒரு ராத்திரி முழுக்க. அப்புறம் சின்ன அறைத் தரை காயக் குறைஞ்சது ஒரு மாசம் விட்டு மறுபடி பிளாஸ்டிக் சோதனை. தீபாவளிக்குள்ள அது ஆகாதுன்னே வச்சிக்குங்க.

மண் குழாய் தெரியலைன்னாலும் ஒரு தடவை உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க. பெரிய அறையில மருந்து அடிக்கணும்னு முடிவானா அது முதல்ல, தாள் அப்புறம்.

பெரிய அறையை இப்பவே போடலாம்.

---

அளவுநாடா பதில்:

அப்படியானாலும் 13 பெட்டியையும் இப்போதே வாங்கிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் அதே நிறத்தில் அதே தயாரிப்பு எண் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பெரிய அறைக்கு 54 பலகை, 7 பெட்டியைத் திறந்தால் 2 மிஞ்சும். கைதவறி அதற்கு மேல் வீணானால் மட்டும் எட்டாவதைத் திறங்கள். மிச்சப் பெட்டிகளைப் பிரிக்காமல் பெரிய அறையிலேயே கட்டிலுக்கு அடியில், நீளம் முழுக்கத் தாங்குகிற மாதிரி நாலைந்து கட்டைமேல் படுக்கவைத்து, சுவரில் படாமல் அடுக்குங்கள். சின்ன அறையில் மட்டும் வைக்க வேண்டாம்.

அதுவரை சின்ன அறைக்குத் தீக்காரைத் திரும்ப விரிக்காதீர்கள். விருந்தாளி வரும் இரண்டு நாளுக்கு மட்டும் வேண்டுமானால் விரித்துக்கொண்டு, பிறகு சுருட்டி வைத்துவிடுங்கள்.